கெவின் ஜான்சன்: கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து சொந்த ஊர் மேயர் நாற்காலி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தக் கெவின் ஜான்சன்?

கலிபோர்னியா மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவில் 1966 மார்ச் 4 அன்று பிறந்தவர். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் 1983 முதல் 1987 வரை ஆடிப் பெயர் வாங்கினார். பிறகு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் பீனிக்ஸ் சன்ஸ் அணியின் தூண்களில் ஒருவராக இருந்தார். ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் திரும்பி, 2008 முதல் 2016 வரை இரண்டு முறை மேயராக இருந்தார். அந்த நகரின் முதல் கறுப்பின மேயர் அவர்தான். ரசிகர்களுக்கு அவர் ‘கேஜே’. இன்னொரு கூடைப்பந்து நட்சத்திரமான மேஜிக் ஜான்சனுக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை. ஒரு காபிக் கடை விஷயத்தில் மட்டும் இருவர் பெயரும் சேர்ந்து வரும், அது கீழே.

ஓக் பார்க் என்ற பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அவர் வளர்ந்த பேட்டை அது. தாய்வழித் தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை. தாத்தா தகரவேலைத் தொழிலாளி. 1889இல் மனை பிரித்து விற்கப்பட்ட ஓக் பார்க், சேக்ரமென்டோவின் முதல் புறநகர். 1911இல்தான் நகரத்தோடு சேர்ந்தது. டிராம் வண்டி, கேளிக்கைப் பூங்கா, கடைத்தெரு என்று ஒரு காலத்தில் ஓஹோவென்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நெடுஞ்சாலைகள் பேட்டையை வெட்டிக்கொண்டு போயின. 1968இல் மாநிலக் கண்காட்சி மைதானமும் வேறு இடத்துக்குப் போனது. வியாபாரம் படுத்தது, கடைகள் பூட்டப்பட்டன, போதைப்பொருள் புகுந்தது. ஜான்சன் பிற்காலத்தில் செய்த நல்லது கெட்டது எல்லாமே இந்தப் பேட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரியில் அப்படி என்ன சாதித்தார்?

சேக்ரமென்டோ உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், ஆட்டத்துக்குச் சராசரியாக 32.5 புள்ளி எடுத்து மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தார். பெர்க்லியை விட்டுப் போகும்போது மூன்று பட்டியல்களில் பல்கலைக்கழகத்தின் சாதனை அவர் பெயரில் இருந்தது: 1,655 புள்ளி, 521 அசிஸ்ட் (கூடையில் போட்டவருக்குப் பந்து கொடுத்தது), 155 ஸ்டீல் (பந்தைப் பறித்தது). மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் விசேஷம். அதிகம் எறிபவர் அதிகம் கொடுக்க மாட்டார். அதிகம் கொடுப்பவருக்குத் தடுப்பாட்டத்தில் பந்தைப் பறிக்கத் தெம்பு மிச்சமிருக்காது.

ஆனால் பெர்க்லி ரசிகர்களைக் கேட்டால் எண்களைச் சொல்ல மாட்டார்கள், 1986 ஜனவரி 25ஐச் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ அணியிடம் பெர்க்லி தொடர்ந்து 52 ஆட்டங்கள் தோற்றிருந்தது. அதாவது கால் நூற்றாண்டுத் தோல்வி. அன்று 75–67 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில்தான் 1960க்குப் பிறகு முதல்முறையாகப் பருவ முடிவுப் போட்டித் தொடர் ஒன்றில் அணிக்கு இடம் கிடைத்தது. 1992இல் அவருடைய 11ஆம் எண் சட்டைக்கு, இனி வேறு யாரும் அணியாதபடி, ஓய்வு கொடுத்தார்கள். பெர்க்லி கூடைப்பந்தில் அந்த மரியாதையைப் பெற்ற முதல் ஆள் அவர்.

பாயின்ட் கார்டு என்றால் என்ன வேலை?

ஜான்சன் ஆடிய இடம் இதுதான். பந்தை எதிரணிப் பாதிக்குக் கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, சரியான கையில் சரியான நொடியில் சேர்ப்பவர். வாங்கியவர் உடனே கூடையில் போட்டால் கொடுத்தவர் கணக்கில் ஒரு அசிஸ்ட். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தால் ஸ்டீல்.

பேஸ்பாலும் ஆடினாராமே?

ஆடினார். 1986இல் ஓக்லாந்து ஏஸ் பேஸ்பால் அணி புது வீரர் தேர்வின் 23ஆவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுடைய கீழ்நிலை அணியான மொடெஸ்டோவுக்கு இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கே திரும்பினார்.

என்பிஏ வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1987 புது வீரர் தேர்வில் கிளீவ்லேண்ட் அணி 7ஆவது தேர்வாக எடுத்தது. அங்கே அவர் இடத்தில் ஏற்கெனவே மார்க் பிரைஸ் இருந்ததால் ஆடக் கிடைத்த நேரம் குறைவு. 1988 பிப்ரவரியில் லாரி நான்ஸ் என்ற வீரரைக் கொடுத்த பீனிக்ஸ், பதிலுக்கு வாங்கியவர்களில் ஜான்சனும் ஒருவர். அடுத்த பருவத்திலேயே சராசரி 20.4 புள்ளி, 12.2 அசிஸ்ட்; அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருது. சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வு. 1993 இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டம் மூன்று கூடுதல் நேரங்களுக்கு இழுத்தது. அன்று அவர் களத்தில் இருந்தது 62 நிமிடம். இறுதித் தொடர்களில் அது சாதனை. அந்த ஆட்டத்தை சன்ஸ் வென்றது, கோப்பை மைக்கேல் ஜோர்டனின் சிகாகோவுக்குப் போனது. 1998இல் விலகி, 2000இல் சன்ஸின் பாயின்ட் கார்டு ஜேசன் கிட் காயப்பட்டபோது கொஞ்ச ஆட்டங்களுக்கு மட்டும் திரும்பி வந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊரின் என்பிஏ அணியான சேக்ரமென்டோ கிங்ஸுக்கு அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. அந்த அணியே 1985இல்தான் கான்சஸ் சிட்டியிலிருந்து ஊருக்கு வந்தது.

ஜான்சனின் செயின்ட் ஹோப் தொண்டு அமைப்பு எப்போது தொடங்கியது?

ஓய்வு பெற்ற பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1989இல், பீனிக்ஸில் உச்சத்தில் இருந்தபோதே, தான் படித்த பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு தற்காலிக வகுப்பறைக் கொட்டகையில், பள்ளி விட்டபின் பிள்ளைகள் வந்து படிக்கும் இடமாகத் தொடங்கியது. பிறகு அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று பள்ளிகள் நடத்தியது. மற்றது பாழடைந்த கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்தது.

இரண்டாவதில் கண்ணுக்குத் தெரிந்த பலன் 35ஆம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் மூலையில் உள்ள ‘40 ஏக்கர்ஸ்’. பழைய வுட்ரஃப் ஹோட்டலையும் அதை ஒட்டிய கில்ட் தியேட்டரையும் புதுப்பித்து 2003இல் திறந்தார்கள். கீழே புத்தகக் கடை, ஓவியக் கூடம், முடிதிருத்தகம். மாடியில் வாடகை வீடுகள். ஸ்டார்பக்ஸ் ஒன்றும் வந்தது. வசதி குறைந்த பகுதிகளில் கடை திறப்பதற்காக மேஜிக் ஜான்சனின் நிறுவனமும் ஸ்டார்பக்ஸும் செய்துகொண்ட கூட்டு ஏற்பாட்டின் கீழ் வந்த கடை அது. அடிமைத்தளை நீங்கியவர்களுக்கு 1865இல் சொல்லிவிட்டுப் பிறகு தராமல் விட்ட நாற்பது ஏக்கர் நிலத்தை நினைவுபடுத்துவது அந்தப் பெயர்.

படித்த பள்ளியையே எடுத்து நடத்தினாரே, அதில் ஏன் அவ்வளவு சண்டை?

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி. கலிபோர்னியாவில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. நடந்துகொண்டிருக்கும் அரசுப் பள்ளியை மாற்றுவதென்றால் அங்குள்ள நிரந்தர ஆசிரியர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகத் தொடங்குவதென்றால், சேர்க்கை எதிர்பார்ப்பில் பாதி அளவுக்குப் பெற்றோர்களோ, வேலைக்கு வரத் தயாராக இருக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேரோ போட்டால் போதும்.

சேக்ரமென்டோ உயர்நிலைப் பள்ளி 1856இல் தொடங்கியது. தேர்வு முடிவுகள் இறங்கிக்கொண்டே போவதைக் காரணம் காட்டி, 2003இல் பள்ளி வாரியம் அதை மூடி, அதே வளாகத்தைச் செயின்ட் ஹோப்புக்குக் கொடுத்தது. “மாற்றத்தை ‘புதுப் பள்ளி’ என்று பெயர் சூட்டி ஆசிரியர் கையெழுத்தைத் தாண்டிப் போகிறீர்கள்” என்பது எதிர்த் தரப்பின் வாதம். வழக்கு நீதிமன்றம் போனது; பள்ளி அந்த ஆண்டே சார்ட்டர் பள்ளியாகத் திறந்தது. வேலை இழந்த ஆசிரியர்களின் கோபம் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. ஊர்க்காரரே வந்து நடத்துகிறார் என்பது அந்தக் கோபத்தைக் குறைத்ததாகவும் தெரியவில்லை.

அமெரிகார்ப்ஸ் விவகாரம் என்ன? தவறு எங்கே நடந்தது?

அமெரிகார்ப்ஸ் என்பது இளைஞர்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுத்து ஊர்ப்பணியில் ஈடுபடுத்தும் திட்டம். முழுநேர உறுப்பினர் 1,700 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் என்ன வேலைக்குப் போனது என்று நேரக்குறிப்பில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேர்தல் வேலை கூடாது. நிதி திரட்டுவது மொத்த நேரத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொந்த வேலைக்கு அனுப்புவது அறவே கூடாது.

செயின்ட் ஹோப்புக்கு இந்தத் திட்டத்தில் வந்த பணம் ஏறக்குறைய 8.47 லட்சம் டாலர். உறுப்பினர்களை ஜான்சனின் காரைக் கழுவவும், எடுபிடி வேலைக்கும், பள்ளி வாரியத் தேர்தல் வேலைக்கும் பயன்படுத்தினார்கள் என்று திட்டத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் ஜெரால்ட் வால்பின் குற்றம் சாட்டினார். 2008 செப்டம்பரில், மேயர் தேர்தல் பிரசாரம் சூடாக இருந்தபோது, மத்திய அரசு நிதி பெற ஜான்சனுக்கும் அமைப்புக்கும் தடை வந்தது. அவர் ஜெயித்ததும் அது நகரத்தின் தலைவலியானது: மேயர் தடைப் பட்டியலில் இருந்தால் வாஷிங்டன் பணம் ஊருக்கு வருமா? கிரிமினல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. 2009 ஏப்ரலில், சுமார் 4.24 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்துவதாக அமைப்பு ஒப்பந்தம் செய்தது. அதில் ஒரு பகுதியை ஜான்சன் கையிலிருந்து கொடுக்க ஒப்புக்கொண்டார், தடை நீங்கியது. சமரசத்தை எதிர்த்த வால்பினை அதிபர் ஒபாமா ஜூனில் பதவியிலிருந்து நீக்கியது தனிச் சர்ச்சை.

எங்கள் பார்வையில் இதில் பாதிக்கு மேல் நிர்வாகக் கோளாறு. நிறுவனரும் நட்சத்திரமும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் “இது அமைப்பின் வேலை, இது உங்கள் வேலை” என்று சொல்லும் கணக்காளர் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஒரு வீரர் கலிபோர்னியாவில் இப்படியொரு அமைப்பைத் தொடங்க என்னென்ன காகிதம் வேண்டும்?

முதலில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு. பிறகு துணைவிதிகள், நிர்வாகக் குழு, வருமான வரித் துறையிடமிருந்து நிறுவன எண். அடுத்து 501(சி)(3) வரிவிலக்குக்குப் படிவம் 1023. கட்டணம் 600 டாலர். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2.5 லட்சத்துக்குள்ளும் இருக்கும் சிறிய அமைப்புகளுக்குச் சுருக்கப் படிவம் உண்டு, 275 டாலர். மாநில வரிவிலக்குக்குத் தனி விண்ணப்பம். நன்கொடை கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவேட்டில் சேர வேண்டும். புதியவர்கள் மறந்துவிடும் படி இதுதான். பிள்ளைகளோடு பழகும் எல்லாரும் ‘லைவ் ஸ்கேன்’ கைரேகைச் சோதனை முடித்திருக்க வேண்டும்.

அதன்பின் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குக் கணக்கு காட்டும் படிவம் 990. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். அமைப்பின் பெயரிலோ பணத்திலோ எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. நிறுவனரே தேர்தலில் நின்றால், அமைப்பின் அலுவலகம், மின்னஞ்சல் பட்டியல், வாகனம் எதையும் பிரசாரத்துக்குத் தொடக் கூடாது. குழுவில் வீரரின் நண்பர்களும் உறவினர்களும் மட்டுமே இருந்தால் காசோலையில் கையெழுத்துப் போட மறுக்க ஆள் இருக்காது.

மேயராக அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது?

வெளியில் நினைப்பதைவிட மிகக் குறைவு. சேக்ரமென்டோவில் மேயரையும் சேர்த்து நகர மன்றத்தில் ஒன்பது வாக்குகள். அவருடையது அதில் ஒன்று, அவ்வளவுதான். தினசரி நிர்வாகம், அதிகாரிகள் நியமனம், வரவு செலவுத் திட்ட வரைவு எல்லாம் நகர மேலாளர் கையில். நம் மாநகராட்சி ஆணையரைப் போன்ற பதவி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது, அங்கே நகர மேலாளரை மன்றமே நியமிக்கிறது, மன்றமே நீக்கும்.

இதை மாற்றி ‘வலுவான மேயர்’ முறை கொண்டுவரப் பல முறை முயன்றார். முதல் முயற்சியை நீதிமன்றம் வாக்குச்சீட்டுக்கே வரவிடவில்லை. 2014 நவம்பரில் ‘மெஷர் எல்’ என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் தோற்கடித்தார்கள். அதே மக்கள் 2012இல் அவருக்கு இரண்டாம் முறை எளிதாக வெற்றி கொடுத்தவர்கள். அரை சதவீத விற்பனை வரிக்கும் சம்மதித்தவர்கள். ஆளைப் பிடித்தது, கூடுதல் அதிகாரம் கொடுக்கப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு வாக்கை வைத்துக்கொண்டு கிங்ஸ் அணியை எப்படித் தக்கவைத்தார்?

அவருடைய மேயர் காலத்தில் அதிகம் பேசப்பட்டது இதுதான். கல்லூரிக் காலப் பாயின்ட் கார்டு வேலையை இங்கேதான் திரும்பச் செய்தார்.

பின்னணி இது. அணியின் பழைய அரங்கம் 1988இல் கட்டியது. புது அரங்கத்துக்காக விற்பனை வரி போடலாமா என்ற வாக்கெடுப்பு 2006இல் படுதோல்வி. உரிமையாளர்களான மலூஃப் குடும்பம் 2011இல் அணியைத் தென் கலிபோர்னியாவின் அனஹைம் நகருக்குக் கொண்டுபோகப் பார்த்தது. ஜான்சன் என்பிஏ கூட்டத்துக்கே போய், உள்ளூர் நிறுவனங்கள் தருவதாகச் சொன்ன விளம்பரப் பணத்தின் பட்டியலை மேசையில் வைத்து ஓராண்டு அவகாசம் வாங்கினார். 2012 பிப்ரவரியில் புது அரங்கத்துக்கு உடன்பாடு எட்டியது. ஏப்ரலில் குடும்பம் பின்வாங்கியது. 2013 ஜனவரியில், அணியின் மதிப்பு 52.5 கோடி டாலர் என்று வைத்து, 65 சதவீதப் பங்கைச் சியாட்டிலுக்குக் கொண்டுபோகவிருந்த கிறிஸ் ஹேன்சன், ஸ்டீவ் பால்மர் குழுவுக்கு விற்க ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள்.

விதிகளைப் பார்த்தால் வழி தெரியும். என்பிஏவில் 30 அணிகள். அணி இடம் மாறப் பெரும்பான்மை, அதாவது 16 வாக்கு வேண்டும். புது உரிமையாளரை ஏற்க முக்கால் பங்கு, 23 வாக்கு. நகரத்துக்கு வாக்கே இல்லை. ஆனால் சொந்த ஊரிலேயே பணமுள்ள வாங்குபவரும், உறுதியான அரங்கத் திட்டமும் இருந்தால், நன்றாக ரசிகர் வரும் ஊரைக் காலி செய்ய மற்ற உரிமையாளர்கள் தயங்குவார்கள். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தயார் செய்தார். தலா பத்து லட்சம் டாலர் போட ஏறக்குறைய இருபது உள்ளூர்க்காரர்களை முதலில் நிறுத்தினார். தலைமை முதலீட்டாளராக மென்பொருள் தொழிலதிபர் விவேக் ரணதிவே வந்தார். மார்ச் மாதம் நகர மன்றம் அரங்கத்துக்கான முதல்நிலை ஒப்பந்தத்தை 7–2 என்று நிறைவேற்றியது. சியாட்டில் தரப்பு மதிப்பை 62.5 கோடி வரை ஏற்றியும் பயனில்லை. 2013 மே 15 அன்று உரிமையாளர்கள் 22–8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள். அணி 53.5 கோடி டாலர் மதிப்பில் ரணதிவே குழுவுக்குப் போனது.

வீரராக இருந்ததால் என்பிஏ தலைமையின் கதவைத் தட்ட முடிந்தது. கதவுக்கு உள்ளே கொண்டுபோக ஆவணங்கள் இல்லாதிருந்தால் அணி சியாட்டிலில் இருந்திருக்கும்.

அரங்கத்துக்குப் பணம் யாருடையது?

2014 மே மாதம் மன்றம் ஒப்புக்கொண்ட கணக்கில் செலவு 47.7 கோடி டாலர். நகரத்தின் பங்கு 25.5 கோடி. பெரும்பகுதி கடன்பத்திரங்கள், அவற்றை அடைக்க நகர வாகன நிறுத்தக் கட்டண வருமானம். அந்த வருமானம் அதுவரை நகரத்தின் பொதுச் செலவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஓட்டையை யார் அடைப்பது என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். மக்கள் வாக்கெடுப்பு கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் மனுவைப் பல பதிப்புகளாக அச்சடித்ததில் வாசகம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தது, சட்டம் கேட்கும் வரிகள் சிலவற்றில் விட்டுப்போயிருந்தன. நகராட்சி எழுத்தர் நிராகரித்தார், நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. புது அரங்கமான கோல்டன் 1 சென்டர் 2016 இலையுதிர் காலத்தில் திறந்தது. கட்டி முடிக்கும்போது செலவு 55 கோடியைத் தாண்டியிருந்தது. கூடுதல் செலவை அணிதான் ஏற்றது.

மூன்றாம் முறை ஏன் நிற்கவில்லை?

1990களில் பீனிக்ஸில் பதின்ம வயதுப் பெண் ஒருவர் அவர்மேல் பாலியல் குற்றச்சாட்டு கூறியிருந்தார். போலீஸ் விசாரித்தது, வழக்குத் தொடரவில்லை, ஜான்சன் மறுத்தார். 2015இல் பழைய விசாரணைப் பதிவுகள் ஊடகங்களில் மீண்டும் வெளியாயின. கிங்ஸ் மீட்பு பற்றி விளையாட்டுத் தொலைக்காட்சியான இஎஸ்பிஎன் எடுத்திருந்த ஆவணப்படத்தின் ஒளிபரப்பு தள்ளிவைக்கப்பட்டது. அந்த அக்டோபரில், மறுபடி நிற்கப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். அரங்கத்தை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது வாசகருக்குச் செய்யும் நேர்மையல்ல.

ஓக் பார்க் மக்களுக்கு இதனால் நன்மையா?

பிராட்வே மூலை உயிர்பெற்றது உண்மை. வாடகை ஏறியதும் உண்மை. பல தலைமுறையாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது பற்றி அங்கே இன்றும் காரசாரமாகப் பேசுகிறார்கள். முழுப் பழியும் ஜான்சன்மேல் போட முடியாது. நகரம் முழுவதும் வீட்டு விலை ஏறிய காலம் அது. ஆனால் பாழ்பட்ட தெருவைச் சீர்செய்பவர், வாடகைக் கட்டுப்பாட்டோடு கூடிய வீடுகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காவிட்டால் அந்தச் சீர்திருத்தத்தை அனுபவிப்பவர்கள் புதிதாக வருபவர்கள்தான்.

இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ரணதிவே மும்பையில் பிறந்தவர். என்பிஏ அணியொன்றின் பெரும்பான்மை உரிமையாளரான முதல் இந்தியர். அவருடைய கிங்ஸ் 2015இல் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்த சிம் புல்லர், என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர். 2019 அக்டோபரில் மும்பையில் நடந்த கண்காட்சி ஆட்டங்களில் இந்தியானா பேஸர்ஸுடன் ஆடியதும் இதே கிங்ஸ்தான்.

இப்போது அவர் என்ன செய்கிறார்? ஊருக்குப் போனால் எதைப் பார்க்கலாம்?

2019இல் ஓக் பார்க்கிலேயே ‘ஃபிக்ஸின்ஸ்’ என்ற உணவகத்தைத் திறந்தார். தென்மாநிலக் கறுப்பினச் சமையல், வறுத்த கோழியும் சோள மாவுக் கஞ்சியும். பிறகு டல்சா, லாஸ் ஏஞ்சலஸ், டெட்ராய்ட் என்று கிளை விட்டது. நகர மையத்தில் அரங்கத்தைப் பார்த்துவிட்டு, பிராட்வே வழியாகத் தென்கிழக்கே போனால் கில்ட் தியேட்டரும் 40 ஏக்கர்ஸும் வரும். உணவகம் அங்கிருந்து நடக்கும் தூரம். சனி, ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம். வார நாளில் போவது நல்லது.